மீதம் பார்க்கும் அக்கா

சாப்பாட்டு அறையிலிருந்து திரும்பி வரும் கிளாஸ்களை உடனே கழுவ எனக்கு அனுமதி கிடையாது. அக்கா பார்த்து முடிய வேண்டும். தட்டுகளும் அப்படித்தான். தள்ளுவண்டி வந்ததும் நான் குழாயைத் திறக்கப் போவேன், அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"கழுவாதையுங்கோ தம்பி. முதல் நான் பாக்கோணும்."

டென்மார்க்கில், ஹேர்னிங்குக்குச் சற்று வெளியே இருந்த ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை அது. அவர் சமைத்தார், நான் கழுவினேன். பதினெட்டு வருடம் அப்படி. நான் மட்டக்களப்பான், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவன், வாய்க்குக் கிடைத்ததை உண்பவன். அவர் யாழ்ப்பாணம், சுத்த சைவம். வேலைக்குச் சேர்ந்த அன்றே நான் அவரை அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். நான்கு வருடம் கழித்து ஏதோ ஒரு படிவம் நிரப்பும்போதுதான் அவரைவிட நான் மூன்று வயது மூத்தவன் என்று தெரிந்தது. "இனி மாத்தேலாது" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

தட்டில் மிஞ்சியதை முள்ளுக்கரண்டியால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்ப்பார். உருளைக்கிழங்கு மிஞ்சினால் ஒரு முகம், இறைச்சி மிஞ்சினால் ஒரு முகம். சோஸை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு மற்றதை விட்டிருந்தால் "கள்ளன்" என்று சிரிப்பார். கிளாஸை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியைப் பார்ப்பார். டொக்டர்மார் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். முதல் மாதம் எனக்கு இது பைத்தியமாகத்தான் பட்டது.

"ஆக்களிட்டையே கேட்டா என்னக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாய் சொல்லுறதை நம்பேலாது தம்பி. டெனிஷ்காரர் எதைக் குடுத்தாலும் நல்லாயிருக்கு, தக், நன்றி எண்டுதான் சொல்லுவினம். மிச்சம் வைக்கிறதிலைதான் உண்மை கிடக்கு."

அவருக்கு வேறு வழியும் இல்லை. அவர் சமைத்ததில் பாதிக்குமேல் அவர் வாயில் வைக்காத சாமான். மொறுமொறுத்த தோலோடு பன்றி வாட்டுவார், மாட்டிறைச்சி உருண்டை பொரிப்பார், வாத்துக்குள் அப்பிளும் உலர்ந்த பிளம்ஸும் அடைத்து வேகவைப்பார். ஒன்றையும் ருசி பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் விரதம் வேறு. நெற்றியில் திருநீறு, வயிற்றில் பச்சைத் தண்ணீர், கையில் பன்றித் தொடை. அந்தக் கோலத்தில் அவர் அடுப்புக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், ஒருவித மரியாதையும் வரும்.

இல்லத்தில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டோடு விரும்பியவர்களுக்கு ஒரு கிளாஸ் வைன் கொடுக்கிற வழக்கம் இருந்தது. எங்கள் நிர்வாகி அம்மா உயரமான மனுசி. எங்கள் ஜட்லாந்துப் பக்கத்துப் பாதிச் சனத்தைப் போல அவரும் மாதம் ஒருமுறை மலிவுக்காகத் தெற்கே ஓடி, ஜெர்மன் எல்லையைத் தாண்டி, காரின் பின்பக்கம் தாழும் அளவுக்குப் போத்தல்களோடு திரும்பி வருவார். ஒருமுறை வழமையான வைனை விட்டுவிட்டு ஜெர்மன் சிவப்பு வைன் ஒன்று கொண்டுவந்தார். ஸ்பேட்பூர்குண்டர் என்று பெயர். அக்காவின் நாக்கு அந்தப் பெயருக்குள் நுழைய மறுத்துவிட்டது. அவர் அதற்கு ஜெர்மன்காரர் என்று பெயர் வைத்தார். கடைசிவரை அதுதான் பெயர்.

ஜெர்மன்காரர் வந்த புதிதில் கிளாஸ்கள் பாதியோடு திரும்பி வந்தன. புளிக்கிறது, தண்ணீராக இருக்கிறது என்று கிழவர்கள் முறைப்பாடு. வைன் என்றால் இரத்தம்போல் கறுத்துச் சிவந்து இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இது ஊடே பார்த்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய சிவப்பு. அடுத்த மாதத்திலிருந்து பழச்சாறு கொடுக்கலாம், இதை நிறுத்திவிடுவோம் என்று நிர்வாகி அம்மா சமையலறைக்கு வந்து சொன்னார். அக்கா கையைத் துடைத்துவிட்டு, இறந்தகாலமும் எதிர்காலமும் இல்லாத தன் டெனிஷில் பதில் சொன்னார்.

"வைனில் பிழை இல்லை. என் சாப்பாட்டில் பிழை. எனக்கு நாலு வெள்ளிக்கிழமை தாருங்கள்."

சமையல்காரர் ஒருவர் தன் சாப்பாட்டில் பிழை என்று தானாகச் சொன்னதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்த நான்கு வெள்ளிகளில் முதலாவதுக்கு வினாகிரியில் ஊறிய ஹெரிங் மீன். ஏற்கெனவே அட்டவணையில் போட்டது, மாற்ற முடியவில்லை. கிளாஸ்கள் ஏறக்குறைய நிரம்பியபடியே வந்தன. ஒரு கிழவர் கிளாஸை மேசையின் மறு கரைக்குத் தள்ளி வைத்திருந்தார் என்று பரிமாறிய பெண் சொன்னாள். இரண்டாவதுக்கு அரைத்த மாட்டிறைச்சியும் வெங்காயமும் தடித்த பழுப்புச் சோஸும். பாதிதான் குறைந்தது. அன்று அக்கா போத்தல்கள் நிற்கும் தட்டுக்குப் போய், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரு போத்தலைப் புறங்கையால் தொட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பார்களே, அப்படி.

"ஐயோ தம்பி, இது காயுது."

அந்த வாரத்திலிருந்து போத்தல்கள் பரிமாறுவதற்கு முன் பின்கதவுப் படியில் அரை மணித்தியாலம் இருந்தன. உறையக் குளிரவும் கூடாது, அறைச் சூட்டிலும் இருக்கக் கூடாது. அளவுகோல் அவருடைய புறங்கைதான். மூன்றாவது வெள்ளிக்குப் பன்றி வாட்டல். கூடவே வைக்கும் சிவப்பு முட்டைக்கோவாவில் வினாகிரியைக் குறைத்து அப்பிளைக் கூட்டினார். கிளாஸின் அடியில் ஒரு விரலளவுதான் மிஞ்சியது. நான்காவதுக்கு வாத்து, வெண்ணெயில் வதக்கிய காளான். அன்று வண்டி வந்தபோது கிளாஸ்கள் எல்லாம் வெறுமையாக வந்தன. அதில் ஒன்றை அக்கா எனக்கு நீட்டினார். உட்பக்கம் ஒரு விரல் தடம். பால் பண்ணையில் வேலைசெய்து ஓய்ந்த, தொண்ணூறு தாண்டிய ஒரு மூதாட்டியின் கிளாஸ். விரலை விட்டு வழித்து நக்கியிருக்கிறார்.

"இதைக் கடைசியாக் கழுவுங்கோ" என்றார் அக்கா. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோசமாக இருந்தது. பழச்சாறுக் கதையை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஜெர்மன்காரரைப் பற்றி அவர் கதைப்பதைக் கேட்டால், கலியாணப் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் இருத்துவது என்று தெரியாத ஒரு சொந்தக்காரரைப் பற்றிக் கதைப்பதுபோல இருக்கும். "மெல்லிய மனுசன் தம்பி. சத்தம்போடுற சாப்பாட்டுக்குப் பக்கத்திலை இருத்தினா வாயே திறவாது. புளியைக் கண்டா முகத்தைத் திருப்பிப்போடும். காளானோடை விடுங்கோ, கதை கதையாச் சொல்லும்."

ஒரு துளி நாக்கில் படாத மனுசி இப்படிச் சொல்வார். நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன், ஒரு சொட்டு வைத்துப் பாருங்கோ அக்கா, விசம் இல்லை என்று. "என்ரை வாய்க்கு அது தேவையில்லை, எனக்கு என்ரை கண் போதும்" என்று விடுவார்.

இந்தப் பழக்கம் சமையலறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் அதுதான். அவருக்கு ஒரே மகள். ஓர்ஹூஸ் நகரில் படித்து அங்கேயே வேலை. சனி ஞாயிறுகளில் வரும்போது புட்டும் சம்பலும் வைத்தால், சில மாதங்களாகச் சம்பல் அப்படியே தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்ததும் வராததுமாக அக்கா சொன்னார்.

"மகள் ஆரோ வெள்ளைக்காரனோடை இருந்து சாப்பிடுறாள். உறைப்பு விட்டுப்போச்சு."

சரியாகத்தான் சொன்னார். பையன் ஜெர்மன்காரன், காற்றாலை எஞ்சினியர். ஆனால் அக்கா மகளிடம் அதைக் கேட்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், எட்டு மாதம் கேட்கவில்லை. மகள் சொல்லட்டும் என்று இவர் இருந்தார். அம்மா கேட்கட்டும் என்று அவள் இருந்தாள். கடைசியில் ஒருநாள் அவள் அழுதுகொண்டு, "தெரிஞ்சிருந்தும் ஏன் கேட்கவில்லை?" என்று டெனிஷில் கத்தினாளாம். அக்கா எனக்கு இதைச் சொன்னபோது ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தட்டைப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு ஆளைப் பார்த்துக் கேட்கத் தெரியவில்லை என்று அவருக்கே கவலை. எனக்கு அவர்மேல் கோபம் வந்த சில நாட்களில் அது ஒன்று.

இனி எங்கள் ஆட்களின் கராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த வேலை விளங்காது.

ஹேர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ, பிரெடெரிசியா, டென்மார்க்கில் எந்த ஊர் என்றாலும் எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆண்கள் வந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கராஜுக்குள் போய்விடுவார்கள். அங்கே குளிர்கால டயர்களுக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் நடுவில் போத்தல், கோலா, பிளாஸ்டிக் கப், கொறிக்க மிக்ஸர், கடலை. எல்லாம் முடிந்து வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குள் வந்து பந்தியில் இருப்பார்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் கராஜில் என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரியும். ஆனால் யாரும் அந்தக் கதவைத் திறப்பதில்லை. போத்தலைக் கண்டால் கராஜுக்குள் வைப்பது என்பது எங்கள் கைக்கே பழகிப்போன விசயம், மூளை அதில் தலையிடுவதில்லை.

"எங்கடை ஆக்களிட்டைக் குடியும் சாப்பாடும் ஒண்டையொண்டு ஒருநாளும் கண்டதில்லை" என்று அக்கா நக்கலடிப்பார்.

மகளின் நிச்சயதார்த்தம் ஹேர்னிங்கில் அவர்கள் வீட்டில் என்று முடிவாயிற்று. பையனின் தகப்பன் தென்மேற்கு ஜெர்மனியில் ஒரு மலைச்சரிவில் திராட்சை வளர்க்கிறவர். அவருடைய தகப்பன் சாவதற்கு முன் கடைசியாகச் செய்த ஸ்பேட்பூர்குண்டரில் ஒரு பெட்டி மிச்சமிருந்தது. ஆறு போத்தல். பேரனின் நல்ல நாளுக்கென்று கிழவர் சொல்லி வைத்துவிட்டுப் போனாராம். அதைக் கொண்டுவந்து சம்பந்திகளோடு ஒரே மேசையில் இருந்து குடிக்க வேண்டும் என்பது அந்த மனிதரின் ஆசை. அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அக்காவின் புருசன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கோவில் சபையில் இருக்கிறவர். சாமியறை உள்ள வீட்டில், மங்கல காரியத்தில், இலைக்குப் பக்கத்தில் வைனா? அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். வேண்டுமென்றால் கராஜில் கொடுங்கள் என்றார். அதை மறைத்து வைத்தால் அந்த ஆட்களை மறைத்து வைப்பதுபோல என்று மகள் அழுதாள். வீடு இரண்டாகி நின்றது. இரண்டு வாரம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு காலை அக்கா புருசனுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டுச் சொன்னாராம்: "இஞ்சாருங்கோ, எட்டு மாசம் நான் கேக்காமல் இருந்து பிள்ளையை அழவிட்டனான். இதிலையும் அழவிடேலாது. போத்தில் மேசைக்கு வரும்." அண்ணை தேத்தண்ணியைக் கடைசிவரை குடித்தார். மறுக்கவில்லை.

ஆனால் சாப்பாடு சைவம், மரக்கறிச் சமையல். வாத்தும் இல்லை, பன்றியும் இல்லை. போத்தலிலுள்ள ஜெர்மன்காரருக்கு யாழ்ப்பாணத்து மரக்கறியில் துணை தேட வேண்டும். அதற்கு ஒரு நாக்கு வேண்டும். என் நாக்கை எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்து மூன்று மணிக்கு என்னை ஓய்வறையில் இருத்துவார். நானும் அந்த நாட்களில் காரை விட்டுவிட்டுச் சைக்கிளில் போவேன். முன்னால் ஒரு கிளாஸ், நாலைந்து சின்னப் பெட்டிகள். ஒரு வாய் கறி, ஒரு மிடறு வைன். அவர் எதிரே இருந்து என் முகத்தைப் பார்ப்பார்.

"நல்லாயிருக்குக்கா."

"கதையாதையுங்கோ. புருவம் சுருங்கினது."

புளிக்குழம்பு போயிற்று. மிளகாய்த்தூள் போயிற்று, அது வைனைச் சுடுநீராக்கியது. ஊறுகாயை அவர் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. மிளகும் பெருஞ்சீரகமும் போட்ட காளான் பிரட்டல் நின்றது. வாட்டிய கத்தரிக்காயில் தேங்காய்ப்பால் விட்ட கறி நின்றது. பீற்றூட் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை இனிப்பைக் குறைத்துப் பாஸாயிற்று. பருப்பு நெய்யோடு ஒத்துக்கொண்டது.

"காளானோடை குடிக்கேக்கை என்ன மாதிரி இருக்கு? வடிவாச் சொல்லுங்கோ."

நான் கண்ணை மூடி யோசித்தேன். "முதல்ல செர்ரிப்பழம் மாதிரி அக்கா. பிறகு, விழுங்கினதுக்குப் பிறகு, மழை பெஞ்ச மண் மாதிரி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மண்ணைத் திண்டு பாத்த ஆள் மாதிரிக் கதைக்கிறீங்கள்."

அதற்குப் பிறகு பல நாள் என்னை மண்தின்னி என்றே கூப்பிட்டார்.

நிச்சயதார்த்தம் ஒக்ரோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை மதியம். வாசலில் நின்று ஆட்களை வரவேற்கும் வேலை எனக்கு. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தகப்பன் பெரிய உருவம், மண் வெடித்ததுபோல் வெடித்த கைகள். மரப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் தந்தார். அதே நேரம் பின்னால் பிரெடெரிசியாவிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. அண்ணையின் தமையன், பட்டுவேட்டி, மூன்று குறித் திருநீறு, குடி என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பிப் போகிற மனுசன். பெட்டி என் கையில். அவர் படியில் கால் வைக்கிறார். நான் யோசிக்கவில்லை. கை தானாகவே கராஜ் கதவைத் திறந்து பெட்டியை உள்ளே டயர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. பிறகு எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் கதிரை காணாது, தண்ணீர் காணாது என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டார்கள்.

முக்கால் மணித்தியாலம் கழித்து ஞாபகம் வந்து கராஜுக்குள் ஓடினேன். ஹொல்ஸ்டெப்ரோ ஆட்கள் எட்டுப் பேர் வட்டமாக நின்றார்கள். மரப்பெட்டி திறந்து கிடந்தது. தக்கையைத் திருப்புளியால் உள்ளே குத்தித் தள்ளியிருந்தார்கள். ஐந்து போத்தல் முடிந்திருந்தது.

"வா மச்சான், ஆரோ வைன் வைச்சிருக்கிறாங்கள். சப்பெண்டு கிடக்கு, கோலா விட்டாப் பரவாயில்லை" என்று ஒருவன் என் கையில் ஒரு கப்பைத் திணித்தான்.

அந்த இடத்தில் நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கொண்டுவந்து வைத்தவன் நான்தான் என்று எட்டுப் பேருக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு மிடறு குடித்தேன். கோலா இனிப்புக்கு அடியில் எங்கேயோ அந்தச் செர்ரி கொஞ்சம் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் விழுங்கியதிலேயே கேவலமான மிடறு அதுதான்.

உள்ளே நீட்டு மேசையில் வாழையிலை போட்டாயிற்று. ஒவ்வோர் இலைக்கும் பக்கத்தில் அக்கா வாங்கி வைத்திருந்த நீண்ட காம்பு கிளாஸ். மாப்பிள்ளையின் தகப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டு இருந்தார். வெறும் கிளாஸைச் சற்று முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். அக்கா குசினி வாசலில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, பெட்டி எங்கை?"

என் கண் கராஜ் பக்கம் போய்த் திரும்பியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். மூன்று வாரம் கிளாஸுக்கு முன்னால் இருத்தி அவர் பார்த்துப் பழகிய முகம். ஒன்றும் கேட்காமல் நேரே போய்க் கராஜ் கதவைத் திறந்தார்.

ஒரு கொண்டாட்டத்தின்போது ஒரு பெண் அந்தக் கதவைத் திறந்ததை அன்றுதான் கண்டேன். எட்டுப் பேரும் கப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அக்கா சத்தம் போடவில்லை. அலுமாரியின் மேல் இருந்த ஒரு கப்பை எடுத்தார். பழக்கதோசம், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது.

"கோலா விட்டனீங்களோ?"

ஒருவன் கோலாப் போத்தலைக் காலால் டயருக்குப் பின்னால் தள்ளினான்.

"நான்தான் அக்கா இங்க கொண்டுவந்து வைச்சது" என்றேன். அதையாவது சொன்னேன்.

அவர் பெட்டியிலிருந்து ஆறாவது போத்தலை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டார். "எல்லாரும் மேசைக்கு வாங்கோ" என்றார். வாயைக் கொப்பளிக்கவும் நேரம் கொடுக்கவில்லை. எட்டுப் பேரும் நானும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல அவருக்குப் பின்னால் போனோம்.

போத்தலை மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முன்னால் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. அஞ்சு போத்திலை எங்கடை ஆக்கள் கராஜிலை வைச்சுக் குடிச்சிட்டினம். தெரியாமல் செய்ததுதான். ஆனாப் பிழை எங்கடை. கோலா கலந்து குடிச்சவை."

மகள் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் நிறுத்தினாள்.

"கோலாவையும் சொல்லு" என்றார் அக்கா.

சொன்னாள். அந்த மனிதரின் கழுத்து சிவந்தது, பிறகு முகம் சிவந்தது. மனைவி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தகப்பனின் கையைப் பிடிக்கப் போக, அவர் விடுவித்துக்கொண்டார். எழும்பிப் போகப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அண்ணை இலையிலிருந்து நிமிரவில்லை.

அவர் கையை நீட்டிப் போத்தலைத் தொட்டார். புறங்கையால். ஒக்ரோபர் மாதத்துக் கராஜ், அது சரியான குளிரில் இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா இலையிலிருந்த காளானைக் காட்டி, முதல் இதை, பிறகு அதை என்று கையால் சொன்னார். அவர் சட்டைப்பையிலிருந்து தக்கை திருகும் கத்தியை எடுத்துத் திறந்தார். கொஞ்சம் ஊற்றினார். ஒரு வாய் காளான், ஒரு மிடறு. பிறகு கத்தரிக்காய், இன்னொரு மிடறு. திரும்பவும் காளான். நாங்கள் முப்பது பேரும் ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முடிந்ததும் நீளமாக ஏதோ சொன்னார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னாள்.

"தன்ரை அப்பா பாவமாம். கடைசிவரைக்கும் இதைப் பன்றியோடை மட்டும்தான் குடிச்சவராம்."

பிறகு அவரே எழும்பி, ஒவ்வோர் இலையாகப் போய், கிளாஸுக்கு ஒரு விரலளவு ஊற்றினார். கராஜ்காரர் எட்டுப் பேருக்கும் ஊற்றினார். அண்ணையின் கிளாஸிலும் யாரும் தடுக்க முன் ஊற்றிவிட்டார். பிரெடெரிசியாக்காரர் தன் கிளாஸைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார், ஆனால் எழும்பிப் போகவில்லை. அண்ணை தொடவில்லை. தள்ளி வைக்கவும் இல்லை. ஒரு சம்பலும் இல்லாமல் இதென்ன பத்தியச் சாப்பாடா என்று ஒரு கிழவி முணுமுணுத்ததைத் தவிர அந்தப் பந்தி நன்றாக நடந்தது.

கிளாஸ்கள் குசினிக்கு வந்தபோது நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை. குழாயைத் திறக்கவில்லை. அக்கா ஒவ்வொன்றாக யன்னலுக்குத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் வெறுமை. கடைசிக் கிளாஸில் மட்டும் ஒரு விரலளவு அப்படியே இருந்தது. அண்ணையுடையது.

"இதை ஊத்தட்டோ அக்கா?"

"பொறுங்கோ."

நான் எச்சில் இலைகளை மூட்டையாக எடுத்துக்கொண்டு பின்கதவால் போய்க் குப்பை வாளியில் போட்டுவிட்டு வந்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். காளான் சட்டியின் மூடி திறந்திருந்தது. கையைப் பின்னால் நீட்டிக் கிளாஸைத் தந்தார். அது வெறுமையாக இருந்தது. நான் கழுவும் தொட்டியைப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

திரும்பாமலே சொன்னார்.

"ஓம் தம்பி. மண்தான்."

அதைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. திங்கட்கிழமை வழமைபோல "கழுவாதையுங்கோ" என்றார்.

போன வருடம் அக்கா போய்விட்டார். நோய் தெரிந்து நாலு மாதம்தான். முப்பத்தோராம் நாள் படையலுக்கு நான் போனேன். அவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்தார்கள், பால்புட்டு, கத்தரிக்காய், காளான். ஜெர்மனியிலிருந்து சம்பந்தி வந்திருந்தார். அவர் ஒற்றைப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அவ சீவியத்திலை தொடாத சாமான். அதை ஏன் வைக்கிறது?" என்றார் பிரெடெரிசியாக்காரர். நியாயமான கேள்விதான். செத்தவர் விரும்பியதைத்தானே வைக்க வேண்டும்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள்தான் அவவோடை கூட நேரம் நிண்ட ஆள். நீங்கள் சொல்லுங்கோ."

நான் படையல் இலையைப் பார்த்தேன். தொட்டார் என்று சொன்னால் அக்காவின் இரகசியம் போய்விடும். தொடவில்லை என்று சொன்னால் போத்தல் திரும்பிப் போய்விடும்.

"காளானுக்குப் பக்கத்தில வையுங்கோ அண்ணை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அண்ணை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சம்பந்தியின் கையிலிருந்த போத்தலை வாங்கி, புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் சூடாக் கிடக்கு" என்றார். "கராஜிலை அரை மணித்தியாலம் வைச்சிட்டுக் கொண்டுவாங்கோ."